செம்பரம்பாக்கம் கரையில் நடக்கப் போகலாமா?

ஆகஸ்ட் 2, சனி (கேள்வி)

குன்றத்தூருக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. காலையில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கலாம் என்றால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழைய கரை, மேலே ஏறாதே என்கிறார் மாமனார். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு படகுகூட விடாமல் இருக்கிறார்களே என்கிறான் மைத்துனன். கரை உறுதியாக இருக்கிறதா? ஜனங்களை விடுவது நல்லதா, கெட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு

நடங்கள் தம்பி. எனக்கு அனகாபுத்தூர். 2015 டிசம்பரில் அடையாறு என் வீட்டுக்குள் வந்து சமையல் மேடை உயரத்துக்கு நின்றது. அதற்கு முன்பு அந்த ஏரியை மலைக்கோயிலிலிருந்து பார்த்ததோடு சரி. அந்த மழைக்கு அப்புறம்தான் கரைக்கே போக ஆரம்பித்தேன். நம் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

நாம் ஏரி என்று சொல்கிறோம், அதனாலேயே அது ஓர் அணை என்பது மறந்துபோகிறது. மண்ணைக் கொட்டிக் கெட்டித்துத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கும் மண் அணை அது. சோழர் காலத்து ஏரி என்பார்கள். 24 அடிக் கரை, 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு, உபரி நீர் போக 5 கண் மதகும் 19 கண் மதகும் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர் வழியாகத் திருநீர்மலை பக்கம் அடையாற்றில் சேர்ந்து எங்களிடம் வருகிறது.

படகைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். இப்போதைக்கு: வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று தப்பாக எழுதிவிட்டேன், போரூர் அன்பர் சரியாகப் பிடித்தார். 24 அடி என்பது கரையின் உயரம் இல்லை, முழுக் கொள்ளளவில் நிற்கும் தண்ணீரின் ஆழம். கரை அதைவிட உயரம். தண்ணீர் மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். காற்றடித்து அலை எழும்போது தண்ணீர் மேலேறித் தாண்டிவிடக் கூடாது, அதற்குத்தான். கல் அணையின் தலைமேல் தண்ணீர் வழிந்தால் தாங்க வாய்ப்பு உண்டு. மண் கரை மேல் வழிந்தால் வெளிப்பக்கத்து மண்ணை அரித்துக்கொண்டே போய்ச் சில மணி நேரத்தில் கரையையே தின்றுவிடும். 2021 நவம்பர் 19 அன்று ஆந்திராவில் செய்யேறு ஆற்றின் மேல் இருந்த அன்னமய்யா அணைக்கு அதுதான் நடந்தது. வெள்ளம் மேலேறி மண் கரையை அடித்துக்கொண்டு போனது, கீழே இருந்த ஊர்களில் உயிர்கள் போயின.

ஆகவே இரண்டு எண்களையும் குழப்பக் கூடாது. திருத்தியவருக்கு நன்றி.

ஆகஸ்ட் 3, மாலை

'22 அடியிலேயே மதகை ஏன் திறக்கிறார்கள், அப்புறம் கோடையில் தண்ணீர் இல்லை என்று அழுகிறார்களே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2019 கோடையில் இதே ஏரி வறண்டு கிடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்மட்டத்தில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 300 மில்லியன் கனஅடி. 22க்கும் 24க்கும் நடுவே 600க்குக் கொஞ்சம் மேலே. ஒரு கனஅடி தண்ணீர் 28.3 லிட்டர். விநாடிக்கு 1,000 கனஅடி திறந்தால் நாள் முழுக்கப் போவது 86.4 மில்லியன் கனஅடிதான். அப்படியென்றால் ஏரியில் ஓர் அடியைக் குறைக்கவே மூன்றரை நாள் ஆகும், அதுவும் உள்ளே ஒரு சொட்டு வராமல் இருந்தால். இப்போது மறுபக்கம் பாருங்கள். 2015 டிசம்பர் 1 இரவு வெளியேற்றியது விநாடிக்கு 29,000 கனஅடி என்பது அரசுக் கணக்கு. அந்த அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்தால் காலியாக விட்ட அந்த இரண்டடி ஆறு மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆற்றோரத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த ஆறு மணி நேரம் என்பது குழந்தைகளையும் வயதானவர்களையும் மாடிக்கு ஏற்றுகிற நேரம்.

2020 நவம்பர் 25, நிவர் புயல் வந்த அன்று, 22 அடியைத் தொட்டதும் பகல் பன்னிரண்டு மணிக்கு 1,000 கனஅடியில் திறந்து படிப்படியாகக் கூட்டினார்கள். அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை. பகலில், சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. இதைத்தான் கேட்கிறோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மணப்பாக்கத்து அம்மா ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அவரும் அதே இரவில் மாட்டியவர். 'எல்லாவற்றுக்கும் அந்த ஏரிதான் காரணம்' என்கிறார். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் இரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் வந்தது. யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றினோம். கீழே இருந்த தையல் மெஷின், ரேஷன் அரிசி, கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. அந்தக் கோபம் முழுவதும் ஏரி மேல்தான் இருந்தது.

அப்புறம் வரைபடத்தை வைத்துப் பார்த்தேன். அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறக்கவில்லை. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துத் தண்ணீரெல்லாம் சேர்ந்துதான் ஆறாகிறது. ஏரியின் உபரி நீர் நடுவில் வந்து சேர்கிறது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. மதகைத் திறக்காமலே இருந்திருந்தாலும் முடிச்சூர் மூழ்கியிருக்கும். அது ஏரிக்குச் சேராத பக்கம். ஆனால் எங்கள் பக்கம் தண்ணீர் அந்த வேகத்தில், அந்த நேரத்தில் வந்ததற்குத் திறப்பும் ஒரு காரணம் என்பதை நான் விடமாட்டேன். 2018ல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை அதை மனிதர் ஏற்படுத்திய பேரிடர் என்றே சொன்னது. இரண்டும் உண்மை அம்மா. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் அடுத்த முறையும் ஏமாறுவோம்.

ஆகஸ்ட் 6, புதன்

கேள்விக்கு வருகிறேன், கரை உறுதியா?

மேலே நின்று பார்த்தால் தெரியாது. உள்பக்கம் கல் பதித்திருக்கும், அழகாக இருக்கும். பார்க்க வேண்டியது வெளிப்பக்கம், கரையின் அடிவாரம். சென்ற வருடம் நவம்பரில் எங்கள் பக்கத்துச் சிற்றேரி ஒன்று நிரம்பியிருந்தது. நானும் மச்சானும் கரையின் வெளிப்பக்கமாக நடந்து போனபோது சீமைக் கருவேலப் புதருக்குக் கீழே மண் சொதசொதவென்று இருந்தது. புதரை விலக்கினால் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கொப்பளித்து வருகிறது, வாயைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மணல் குவிந்திருக்கிறது. நான் பக்கத்திலிருந்த களிமண்ணை அள்ளி அடைக்கப் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். 'இங்க அடைச்சா வேற எடத்துல ஒடைச்சிக்கும் தம்பி. தண்ணி என்ன கலர்ல வருதுன்னு பாரு மொதல்ல.'

கலங்கலாக வந்தது.

அவர் விளக்கினார். எந்த மண் கரையிலும் கொஞ்சம் கசியும். தெளிவாகக் கசிந்தால் கரை தன் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கலங்கி வந்தால் தண்ணீர் கரையின் வயிற்றிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவருகிறது, உள்ளே குழாய் மாதிரி ஒரு வழி உண்டாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழாய் ஏரி வரை போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. எலி வளை, நண்டு வளை, செத்த மரத்தின் வேர் மக்கிய துவாரம், எதிலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கும்.

ஓர் அலுவலகத்துக்குப் போன் அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அப்புறம் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொன்னோம். மறுநாள் மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். அவர்களும் அடைக்கவில்லை. ஜல்லியும் மணலும் போட்டு மூடி, சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கினார்கள். தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் வந்த தண்ணீர் தெளிந்துவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

நாங்கள் அன்று அந்தப் பக்கம் நடக்காமல் இருந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். ஜனங்களைக் கரையிலிருந்து விரட்டினால் கரையைப் பார்க்கிற கண்களையும் விரட்டுகிறோம்.

ஆகஸ்ட் 7

நண்டு வளை என்றதும் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கக் காரணம் இருக்கிறது. 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நண்டுகள்தான் காரணம் என்று அங்கே ஓர் அமைச்சர் சொல்லப்போய், ஜனங்கள் நண்டைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கே போய்விட்டார்கள்.

நண்டு கரையைத் துளைக்கும், அது பொய்யில்லை. ஆனால் கசிகிறது, கசிகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பார்த்தார்கள், சொன்னார்கள், அப்படியும் போயிற்று. நேற்று நான் எழுதியதில் பாதிதான் இருக்கிறது என்று இதை நினைக்கும்போது தெரிகிறது. கண்கள் மட்டும் போதாது, சொன்னதைக் கேட்க ஆள் வேண்டும். கரையில் ஒரு போர்டு, அதில் ஒரு நம்பர், அந்த நம்பரை எடுக்க ஒருவர். இதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை 1077, மாநிலத்துக்கு 1070.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படகு. இதற்குத்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள்.

நான் முதலில் வேண்டவே வேண்டாம் என்றதற்குக் காரணம், அது நகரம் குடிக்கிற தண்ணீர். பக்கத்திலேயே நாளைக்கு 530 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அதில் டீசல் எண்ணெயும் தின்பண்ட உறையும் போய்ச் சேரவா? முட்டுக்காட்டில் படகு விடுகிறார்களே என்றால் அது உப்பங்கழி, யாரும் குடிப்பதில்லை.

ஆனால் மீனவர் குடும்பத்துப் பெண் ஒருவர் போட்டிருந்த பதில் என்னை யோசிக்க வைத்தது. அவர்கள் தினமும் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறார்கள். எங்கே ஆழம், எங்கே மண் எடுத்த பள்ளம், எங்கே காலை வைத்தால் சேறு முட்டிவரை இழுக்கும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். 'நாங்க இருக்கிறதாலதான் சார் பல பேரை இழுத்துப் போட்டிருக்கோம்' என்று எழுதியிருந்தார். உண்மைதான். தண்ணீரில் ஆள் இருப்பதும் ஒரு காவல்.

ஆகவே மாற்றிக்கொள்கிறேன். மோட்டார் படகு கூடாது. துடுப்புப் படகு, அதுவும் மீனவர்களே ஓட்ட, மதகிலிருந்து வெகு தூரத்தில், எல்லோருக்கும் உயிர்காப்பு உடுப்போடு என்றால் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை யோசிக்கலாம். அக்டோபர் பிறந்தால் எல்லாவற்றையும் கரையேற்றிவிட வேண்டும். தூண்டில் போட ஒரு மேடை கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது, சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் இருப்பதுபோல. தூண்டில்காரன் மாதிரி தண்ணீரை மணிக்கணக்கில் பார்ப்பவன் வேறு யார்?

குளிக்க மட்டும் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

ஆகஸ்ட் 11

ஏன் கூடாது என்று கேட்ட கல்லூரிப் பையனுக்கு.

என் அக்கா மகன் நன்றாக நீந்துவான். பக்கத்து ஏரி ஒன்றின் மதகுக்கருகே நண்பர்களோடு குதித்தான். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. அடியில் ஷட்டர் கொஞ்சம் தூக்கியிருந்தது. காலை ஏதோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது மாமா என்றான் பிறகு. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்ததால் பிழைத்தான். இரண்டு வாரம் அவன் குளியலறைக் கதவைக்கூடத் தாழ் போடவில்லை. உன் நீச்சலில் குறை இல்லை தம்பி, அந்த இடத்தில் நீச்சல் உதவாது.

மதகைத் திறந்திருக்கும்போது வேடிக்கை பார்க்கக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கால்வாய் ஓரத்தில் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இரவுக்குள் 1,000 என்பது 5,000 ஆகும். நிவர் அன்று அப்படித்தான் ஆனது. மழைக்காலத்தில் போலீஸ் நின்று திருப்பி அனுப்பினால் திரும்பிவிடுங்கள், அந்த நேரத்தில் நான் பாடுகிற 'கரையில் நடங்கள்' பாட்டைப் பாடாதீர்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மதுராந்தகம் போயிருந்தேன், மாமா வீட்டு விசேஷம். வழக்கம்போல ஏரிகாத்த ராமர் கோயிலுக்கும் போனோம். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லயனல் பிளேஸ் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்தபோது, வருடா வருடம் உடைந்துகொண்டிருந்த ஏரிக்கரையைப் பலப்படுத்தினார். பெருமழை இரவில் கரை நிற்குமா என்று பார்க்கப் போனவருக்கு வில்லோடு இரண்டு பேர் கரையைக் காவல் காப்பது தெரிந்ததாம். கரை நின்றது. வேண்டிக்கொண்டபடி தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது ஐதீகம்.

இந்த முறை கேட்டபோது எனக்கு வேறு ஒன்று மனத்தில் பட்டது. மழை கொட்டுகிற ராத்திரியில் கலெக்டரே குடையோடு கரைக்குப் போயிருக்கிறார். சாமி காத்தது என்று நம்புகிறவன் நான். ஆனாலும் அந்தக் கதையில் கரை மேல் ஓர் ஆள் நடந்துகொண்டிருக்கிறார் பாருங்கள். நம் ஊர்களில் ஏரிக்குக் காவலும் பராமரிப்பும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துச் செய்ததைக் குடிமராமத்து என்றோம். மண்வெட்டி எடுப்பது மட்டும் குடிமராமத்து இல்லை, முறை போட்டுச் சுற்றிவந்து பார்ப்பதும் அதில் சேர்த்திதான்.

ஆகஸ்ட் 18

போரூர் அன்பர் மறுபக்கம் சொல்கிறார்: ஜனங்களை விட்டால் பஜ்ஜிக் கடை வரும், பைக் வரும், கரை மேல் சக்கரத் தடம் விழும், மழைத் தண்ணீர் அந்தத் தடத்தில் ஓடிக் கரையை அறுக்கும். சரியான பயம். சக்கரத் தடம் சின்ன விஷயமில்லை, மழைக்குப் பிறகு முதலில் ஓடை விழுவது அங்கேதான். வண்டியை அடிவாரத்துக்கும் தள்ளியே நிறுத்தும்படி கல் நட வேண்டும். கடை கீழே சாலையோரத்தில் இருக்கட்டும். அங்கே வறுத்துக் கொடுக்கும் ஜிலேபி மீனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செடி கொடி பற்றியும் கேட்டிருந்தார். புல் நல்லது, மண்ணைப் பிடிக்கும். மரம் வேண்டாம், முக்கியமாகக் கருவேலம். நிழலுக்காக மரம் நட வருகிற குழுக்களுக்கு இதைச் சொல்லுங்கள், நல்ல மனதோடு வந்து கரைக்கு நடுவில் குழி தோண்டிவிடுகிறார்கள். அடிவாரத்தைத் தாண்டி எவ்வளவு வேண்டுமானாலும் நடலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கேள்வி கேட்ட தம்பி இன்று தன் மாமனாரோடு வந்திருந்தார். அவரைப் பற்றி நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். மேலே ஏறாதே என்றவர் எங்கள் இருவரையும்விட வேகமாக ஏறினார். சின்ன வயதில் அவர்கள் ஊர் ஏரி ஒரு ராத்திரி உடைந்து பயிரெல்லாம் மணல் மூடியதாம். பயம் அங்கிருந்து வந்தது. வெளிப்பக்க அடிவாரத்தில் குச்சியால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்று எங்களைக் கூப்பிட்டார். எலி வளை, புது மண், ஈரம் இல்லை. போட்டோ எடுத்து, பக்கத்து மைல் கல் தெரியும்படி இன்னொன்றும் எடுத்து, அங்கே இருந்த லஸ்கரிடம் (மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியர்) காட்டினோம். அவர் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். 'இன்னும் ரெண்டு வாரத்துல கரை பூரா சுத்தம் பண்ணிடுவோம் சார், மழைக்கு முன்னாடி' என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வளையை வெட்டி எடுத்து, மண் போட்டு, கெட்டித்து, மேலே புல் பத்தையும் வைத்திருக்கிறார்கள். காலால் மிதித்துப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு 5 கண் மதகுப் பக்கம் ஐந்தரைக்கு வந்துவிடுகிறேன். மணப்பாக்கத்து அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமனார் தன் குச்சியை எங்கள் வண்டியிலேயே விட்டுவிட்டார், எடுத்து வருகிறேன்.